வயலின்களுக்குள் பூண்டு வதங்கும் சத்தம்

செப்டம்பர் 27, வெள்ளி

காலையில் ஆறு பேர். இரண்டு பல் பிடுங்கல், மூன்று அடைப்பு. ஆறாவதாகத் தார்சிலா. சந்தையில் வாழையிலையில் சுற்றி அவித்த புட்புட் என்ற அரிசிப் பலகாரத்தைச் சுடச்சுட விற்கும் தார்சிலாவை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் கல்யாணம். மாப்பிள்ளை பாஸ்யோ, மனைவியை இழந்தவர், என் கிளினிக் வாசலில் இருக்கும் ஸ்டாண்டில் பைக்கோடு கூண்டு கட்டிய வாடகை டிரைசைக்கிள் ஓட்டுகிறார்.

"முன்பல் ரெண்டும் வேணும் டாக்டர். போட்டோவில வாயைத் தொறந்து சிரிக்கணும்."

பல்லுக்கு அச்செடுக்கும் மூன்று நிமிடமும் வாய் அடைத்திருந்ததால் கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தார். எடுத்ததுதான் தாமதம்: "வயலின் இருக்கணும்."

"எங்க, வாயிலயா?"

"கோயில்ல. நான் உள்ள நடந்து வர்றப்ப. நாப்பது வருஷமா நெனச்சு வெச்சிருக்கேன். பியானோ வேண்டாம், அதைத்தான் ஞாயித்துக்கிழமை தவறாம கேக்கறேனே."

அந்தப் பியானோ நான்தான். ஸ்டாண்டு டிரைவர்கள் ஒன்பது பேர் எங்கள் சிற்றாலயத்தில் பாடுகிறார்கள், நான்கு வருடமாக நான் பின்னால் கீபோர்டு வாசிக்கிறேன். புத்தகத்தில் இருப்பதை அப்படியே.

வயலின் வாசிக்க ஆள் இல்லை, கணினியில் வரவழைக்கலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாட்டும் நானே எழுதறேன் அக்கா" என்று வாயில் வந்துவிட்டது. லிலிபெத் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். பதினொரு வருடமாக என் உதவியாளர். நான் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்ன செய்கிறேன் என்று இதுவரை கேட்டதில்லை.

எட்டு வருடம். இருபத்து மூன்று பாட்டு. ஒன்றைக்கூட ஒருவரும் கேட்டதில்லை. ஏன் சொன்னேன்?

அக்டோபர் 6, ஞாயிறு

வயலின்கள் வந்துவிட்டன. மூன்று நாளாக இறங்கிக்கொண்டிருந்த கோப்புகள் இன்று மதியம் முடிந்தன. ஏதோ ஒரு குளிர்நாட்டில் பதினாறு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, அழுத்தி, நடுங்கி, நடுங்காமல் என்று வாசித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே எங்கள் ஊர் டுமகெத்தேயில், மருந்து வாசனை அடிக்கும் பின்னறையில் நான் ஒரு கட்டையை அழுத்தினால் பதினாறு பேரும் எனக்காக வில்லை இழுக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு விளையாட்டுச் சாமான்.

முதல் சுரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டின் முதல் நான்கு வரியைப் பியானோவும் வயலினும் சேர்த்து வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் உள்ளே ஏதோ பொரிந்தது.

ஹெட்போன் பழசு. அதுவாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 7, திங்கள்

ஹெட்போன் இல்லை. ஸ்பீக்கரில் போட்டாலும் அதே. கேபிளை மாற்றினேன், அதே.

லிலிபெத் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "டாக்டர், வயலினுக்குள்ள யாரோ பூண்டு வதக்கறாங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் அதற்குமேல் சரியாகச் சொல்ல முடியாது. எண்ணெய் சூடாகி, பூண்டைப் போட்டதும் முதல் நொடியில் வருமே, அதே சத்தம்.

அக்டோபர் 9, புதன்

இணையத்தில் நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் சொன்னது ஒன்றே: பஃபரைக் கூட்டு. கணினி சத்தத்தைச் சிறுசிறு கரண்டியாக அள்ளிப் பரிமாறுகிறது. அடுத்த கரண்டி நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அந்த இடைவெளிதான் 'டப்' என்று கேட்கிறது. கரண்டியைப் பெரிதாக்கினால் கணினிக்கு அவகாசம் கிடைக்கும்.

பெரிதாக்கினேன். பூண்டு நின்றது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லலாம் போலிருந்தது.

பத்து நிமிடம்தான். இப்போது கட்டையை அழுத்தினால் சத்தம் ஒரு கண்சிமிட்டல் கழித்து வருகிறது. நம் பேச்சே எதிரொலித்துக் காதில் விழும் ஃபோன் மாதிரி. என் விரல் தடுமாறி, வேகம் குறைந்து, கடைசியில் நின்றேபோனது. தனியாக வாசிக்கவே முடியவில்லை, இதில் ஒன்பது டிரைவர்களை எப்படி இழுத்துக்கொண்டு போவது.

பழைய அளவுக்கே திரும்பினேன். பூண்டும் திரும்பியது.

அக்டோபர் 13, ஞாயிறு

ஒரு குறுக்குவழி தோன்றியது. நானே முழுவதும் வாசித்து, கோப்பாக மாற்றி, கல்யாணத்தில் ஓடவிட்டால்? மாற்றிப் பார்த்தேன். கோப்பில் ஒரு பொரியல்கூட இல்லை, பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆக, பதிவுகளில் குறை இல்லை. கணினி ஆற அமரச் செய்தால் சுத்தமாகச் செய்கிறது; உடனே வேண்டும் என்றால்தான் திணறுகிறது.

பூசை முடிந்ததும் சிற்றாலயத்திலேயே கோப்பை ஓடவிட்டு ஒத்திகை. நான் எழுதியது வேறு ஒருவர் வாயிலிருந்து வருவது முதல்முறை. முதல் நான்கு வரி எல்லாம் சரி. அப்போது தார்சிலா மீந்த புட்புட்டைக் கூடையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பாஸ்யோ அவரைப் பார்த்தார். அவ்வளவுதான், மனுஷர் வேகம் பிடித்துவிட்டார். மற்ற எட்டுப் பேரும் அவர் பின்னாலேயே ஓடினார்கள். அவர்கள் பாடி முடித்து உட்கார்ந்த பிறகும் வயலின்கள் பாவம் தனியாக வாசித்துக்கொண்டிருந்தன.

"இந்த வயலின்காரங்களுக்கு அவசரமே இல்ல போல" என்றார் பாஸ்யோ.

"கல்யாண அவசரம் உனக்குத்தான்டா" என்று கட்டைக்குரல் இசியோங் சொன்னார். சிற்றாலயமே சிரித்தது.

கோப்பு உதவாது. இவர்களோடு மூச்சுக்கு மூச்சு கூடப் போக ஓர் ஆள் வேண்டும். நான்தான் வாசிக்க வேண்டும்.

ஆனால் பாட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதா கெட்டதா?

அக்டோபர் 16, புதன்

மத்தியானம் பல் சுத்தம் செய்ய வந்த டிரைவர் ஒருவர் நாற்காலியில் படுத்தபடி என் பாட்டின் ஐந்தாவது வரியை முனகினார். தான் முனகுவது அவருக்கே தெரியாது. கருவியை வாயில் வைக்க மனம் வராமல் அப்படியே நின்றிருந்தேன்.

அக்டோபர் 19, சனி

வயலின்கள் குடியிருப்பது கணினிக்கு வெளியே தொங்கும் ஹார்ட் டிஸ்கில். ஒவ்வொரு சுரத்துக்கும் கணினி அந்த ஒல்லிக் கேபிள் வழியாகப் போய் எடுத்துவர வேண்டியிருக்கிறது. கணினிக்கு உள்ளேயே இடம் செய்தேன்: பதினைந்து வருட எக்ஸ்ரே படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு வயலின்களைக் குடியேற்றினேன்.

பாதி குறைந்தது. பாதி இருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. பொரியல் சுத்தமாக நின்றுவிட்டது.

அக்டோபர் 26, சனி

வைஃபையை அணைத்தேன். கணினி தூங்கி வழிந்து மின்சாரம் சேமிக்கும் ஏற்பாட்டை மாற்றி, எப்போதும் முழு பலத்தில் ஓடும்படி வைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது.

முதல் பத்து வரி சுத்தம். அப்பாடா என்று நினைக்கிற இடத்தில், கல்யாணத்தன்று சரியாகத் தார்சிலா பீடத்துக்குப் பக்கத்தில் வரப்போகும் இடத்தில், ஒரு கைப்பிடி பூண்டு.

எத்தனை தடவைதான்! போதும் போ என்று எழுந்துவிட்டேன். நான் என்ன சங்கீதக்காரியா? பல் டாக்டர். பேசாமல் பியானோவே வாசித்துவிட்டுப் போகலாம். அக்காவிடம் எப்படிச் சொல்வது? முன்பல் ரெண்டும் தயாராயிடுச்சு, வயலின் மட்டும் கிடையாதுன்னா?

அக்டோபர் 27, ஞாயிறு

சொல்லப் போனேன். சந்தையில் தார்சிலா எனக்கு இலை பிரித்து வைத்து, சூடான சாக்லேட் பானம் சிக்வாத்தே ஊற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கருவாட்டுக்கடைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்குன்னே எழுதின பாட்டு. வேற எவ கல்யாணத்துலயும் இது கிடையாது, தெரியுமா?"

இரண்டு புட்புட் சாப்பிட்டேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

எல்லாப் புனிதர் நாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில். அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பாஸ்யோவின் குரல் கேட்டது. அவருடைய முதல் மனைவி சோலேதாதின் கல்லறை. தார்சிலாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, கையில் தொப்பி, பெண் வீட்டுக்குப் போன பிள்ளை மாதிரி நின்றார்.

"சோலே, இதுதான் தார்சிலா. உனக்குத் தெரியும். நீ அவகிட்டதான் புட்புட் வாங்குவே."

தார்சிலா முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, கல்லின் மேல் இருந்த காய்ந்த இலைகளைக் கையால் ஒதுக்கினார். "கடன் சொல்லி ஒரு நாள்கூட வாங்கினதில்ல நீ" என்றார் கல்லைப் பார்த்து. "இந்த ஆளுக்கு அரிசி கழுவத் தெரியல. ஒன்பது வருஷமா எப்படி உயிரோட இருந்தாருன்னு தெரியல. இனி நான் பாத்துக்கறேன். வருஷா வருஷம் கூட்டிட்டு வருவேன், மறக்க விடமாட்டேன்."

ஓர் இலைப்பொட்டலத்தைப் பிரித்துக் கல்லின் மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று நீட்டினார். மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான்கு பேர் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாட்டின் நடுப்பகுதியை மாற்றி எழுதப் போகிறேன். இப்போது இருப்பது ஒரு பொதுவான மணப்பெண்ணுக்கு எழுதியது.

நவம்பர் 3, ஞாயிறு

மாற்றிவிட்டேன். ஒரே மூச்சில். இது நன்றாக இருக்கிறது என்று எழுத இந்தப் பேனாவுக்கு எட்டு வருடத்தில் இன்றுதான் தைரியம் வந்திருக்கிறது.

பூண்டு அப்படியே இருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

மதிய வெயிலில் ஸ்டாண்டில் சவாரி இல்லை. இசியோங் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். ஸ்டாண்டில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் அவர்தான் பிரித்து மாட்டுவார். பின்னறையில் பொரியும் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கதவோரம் நின்றார்.

"டாக்டர், இது எப்ப இருமுது?"

"வாசிக்கும்போது."

"அது தெரியுது. ஏத்தத்துல இருமுதா, சமதரையிலயா? சுமை ஏத்தினாவா, காலியா இருக்கும்போதா? அது தெரியாம எப்படி ரிப்பேர் பாக்கறது?"

ஒரு மாதமாக நான் அதைப் பார்க்கவே இல்லை. பல்வலி என்று வருகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்: சூடு பட்டாலா, கடித்தாலா, சும்மா இருக்கும்போதா? சொந்த வீட்டு நோயாளியிடம் கேட்கத் தோன்றவில்லை.

அவரை முக்காலியில் உட்காரவைத்து, பாட்டுத் தாளையும் சிவப்புப் பென்சிலையும் கையில் கொடுத்தேன். சுரம் படிக்கத் தெரியாது. நான் வாசிக்கும்போது விரலால் வரியைத் தொடர்ந்துகொண்டே வந்து, பொரியும் இடத்தில் எல்லாம் கோடு போட்டார். மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் கோடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுந்தன. சத்தமாக வாசிக்கும் இடம் என்றும் இல்லை, வேகமான இடம் என்றும் இல்லை.

"இங்கெல்லாம் கால்ல என்ன பண்றீங்க?" என்றார்.

"காலா?"

"மிதிச்சுட்டே இருக்கீங்களே. கிளட்சா அது?"

பெடல். அதை மிதித்தால் கையை எடுத்த பிறகும் பழைய சுரம் கரையாமல் நிற்கும். நின்றதன்மேல் அடுத்த சுரம், அதன்மேல் அடுத்தது. நிரலில் ஒரு மூலையில், ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கிறது என்று காட்டும் சின்ன எண் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். நாற்பது. நூற்றிருபது. பெடலை மிதித்தபடியே நான்கு வரி போனதும் அறுநூறு. உடனே பூண்டு.

போதாததற்கு, அந்த வயலின்களை மூன்று மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்: கிட்டே, நடுவில், தூரத்தில். நான் ஆசையில் மூன்றையும் திறந்து வைத்திருந்தேன். ஒரு சுரம் கேட்டால் கணினி மூன்றைத் தூக்கி வருகிறது.

"பதினஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறச் சொன்னா வண்டி என்ன பண்ணும்?" என்றார் இசியோங். தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு சவாரி வந்ததும் போய்விட்டார்.

இரண்டு மைக்கை மூடினேன். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கரண்டியைச் சின்னதாகவே வைத்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன்.

ஒன்றுமே பொரியவில்லை.

மறுபடி வாசித்தேன். லிலிபெத் வந்து நின்றாள், பிறகு வரிசையில் காத்திருந்த அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றார். மூன்றாவது தடவையும் வாசித்தேன்.

நவம்பர் 6, புதன்

இப்போது வேறு தொல்லை. பெடல் இல்லாமல் என் வாசிப்பு அம்மணமாக நிற்கிறது. ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போகும் இடமெல்லாம் ஓட்டை. சின்ன வயதில் கன்னியர் மடத்தில் பியானோ படித்தபோது கண்டுபிடித்த தந்திரம் இது: தப்பு வரப்போகும் இடத்தில் பெடலை மிதித்தால் யாருக்கும் தெரியாது. முப்பத்தைந்து வருடம் அப்படியே மிதித்து வந்திருக்கிறேன்.

தினமும் காலை ஏழு முதல் எட்டு வரை, நோயாளிகள் வருமுன், காலை நாற்காலிக்கு அடியில் மடக்கிவைத்துப் பயிற்சி.

நவம்பர் 10, ஞாயிறு

கிளினிக்கில் ஒத்திகை. ஒன்பது பேரும் காத்திருப்பு அறையில். நடுவில் இரண்டு இடத்தில் தவறினேன், எல்லோருக்கும் கேட்டது. நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஆரம்பித்தேன்.

முடிந்ததும் இசியோங் சொன்னார்: "நாலு வருஷமா உங்ககூடப் பாடறோம். நீங்க வாசிக்கறது இன்னிக்குத்தான் காதுல விழுது."

"தப்போட சேர்த்தா?"

"அதனால என்ன? இப்ப எங்க மூச்சு வாங்கணும்னு தெரியுது."

நவம்பர் 14, வியாழன்

ஒரு தவறு. ஒன்றே ஒன்று!

நவம்பர் 17, ஞாயிறு

சிற்றாலயத்தில் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தோம். பழையபடி கரகரப்பு. அப்புறம் அமைதியாகக் காது கொடுத்தேன். இது வேறு சத்தம். நான் வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தபோதும் வந்தது. இசியோங் ஸ்பீக்கர் வயரை மிதித்தபோது கூடுதலாக வந்தது. வயரை மாற்றினோம், நின்றுவிட்டது.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் கணினியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்.

நவம்பர் 23, சனி

காலை ஒன்பது மணிக்குக் கல்யாணம். ஸ்டாண்டு டிரைசைக்கிள்கள் எல்லாம் தென்னங்குருத்துத் தோரணத்தோடு வாசலில் நின்றன. இன்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சவாரி கிடைத்திருக்காது.

பாஸ்யோ மாப்பிள்ளை என்பதால் பாடக் கூடாது என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தோம். தலையை ஆட்டினார்.

கதவு திறந்தது. தார்சிலா. வெள்ளை உடை, புது முன்பல். நான் வயலின்களைத் தொடங்கினேன். வாசலிலிருந்து பீடத்துக்கு முப்பது அடி, நான் கணக்கிட்டு எழுதியது இரண்டு நிமிடம். அவர் வாசலை ஒட்டிய முதல் வரிசையிலேயே நின்று கருவாட்டுக்கடைக்காரியிடம் ஏதோ சொன்னார். நடந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். நான் அதே நான்கு வரியைத் திரும்ப வாசித்தேன், பாடகர்களைப் பார்த்தேன். எட்டுப் பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு அதே வரிக்குத் திரும்பினார்கள். ஒருவரும் பிசகவில்லை.

பாதி வழியில் அவர் நின்றேவிட்டார். பூங்கொத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றார். வயலினைக் கேட்கிறார் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. கூட்டமும் அசையாமல் நின்றது. பாடகர்களை நிறுத்தச் சொல்லிக் கண் காட்டிவிட்டு, வயலின்களை மட்டும் தனியாக வாசித்தேன், அவர் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு நேரம். அந்தப் பகுதி தாளிலேயே கிடையாது. விரல் தானாகப் போயிற்று. ஒரு பொரியல் இல்லை. கால் தரையில்.

கண்ணைத் திறந்து மறுபடி நடந்தார். கல்லறையில் சாப்பிட்ட அன்று எழுத நினைத்த பகுதி வந்தபோது பீடத்தருகே ஒரு குரல் ஏறியது. பாஸ்யோ. அழுதுகொண்டே, எல்லோரையும்விட அரை வரி முந்திப் பாடிக்கொண்டிருந்தார். நான் அவரோடு போய்விட்டேன். மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

பாதிரியார் தொடங்கும் முன் நிமிர்ந்து பார்த்தார். "இது யாரு பாட்டு?" என்று கேட்டார். சிற்றாலயத்தில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கை தூக்கினேன், பள்ளிப் பிள்ளை மாதிரி.

நவம்பர் 24, ஞாயிறு

தூங்கினேன். சாப்பிட்டேன். கல்யாண விருந்தில் மீந்த பன்றி ரோஸ்ட், லெச்சோனை மறுபடி சாப்பிட்டேன்.

டிசம்பர் 4, புதன்

வெளியே பலகையில் 'பல் பிடுங்குதல், பல் அடைத்தல், பல் கட்டுதல்' என்று இருப்பதற்குக் கீழே நீலப் பெயிண்டில் புதிதாக ஒரு வரி: 'கல்யாணப் பாட்டு எழுதித் தரப்படும்.' லிலிபெத் தன் தம்பியைக் கூப்பிட்டு எழுத வைத்திருக்கிறாள். இது மருத்துவமனை, நாளைக்கே அழி என்று சத்தம் போட்டேன். "சரி டாக்டர்" என்றாள், போய்விட்டாள்.

மூன்று மணிக்கு ஓர் இளஞ்ஜோடி வந்து வரிசையில் உட்கார்ந்தது. முறை வந்ததும் பெண்ணை நாற்காலியில் படுக்கச் சொல்லி, விளக்கை இழுத்து, கையுறை போட்டுக்கொண்டேன். அவள் வாயைத் திறக்காமல் பையனைப் பார்த்தாள், பையன் லிலிபெத்தைப் பார்த்தான்.

"எந்தப் பல்லும்மா?" என்றேன்.

"பல்லெல்லாம் ரெண்டு பேருக்குமே நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றாள்.